படிப்படியாக ஏறினால் உலகையே சுற்றலாம்!

ஓமந்தூர்ப் பக்கம் ஒரு பையன் நீச்சல் பழகுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கிணற்றில்தான் பழகுவான். முதல் நாள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். இல்லையென்றால் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை மாமன் கையில் இருக்கும். நாலு நாள் போனதும் கயிற்றை அவிழ்த்து விடுவார்கள். பையன் கீழ்ப் படியில் இருந்து குதிப்பான். பிறகு நடுப் படியில் இருந்து குதிப்பான். ஒரு மாதம் ஆனதும் கிணற்று மேட்டில் இருந்தே தலைகீழாகப் பாய்வான்.

எடுத்த எடுப்பில் மேட்டில் இருந்து பிடித்துத் தள்ளினால் என்ன ஆகும்? சொல்ல வேண்டியதில்லை.

கடலில் பாய்ப் படகு ஓட்டுவதும் இப்படித்தான். அதற்கும் படிகள் உண்டு. ஒரு படியில் கால் ஊன்றிய பிறகுதான் அடுத்த படி. அப்படி ஏறிப் போனால், ஒரு பெண் பூமியையே சுற்றி வரலாம்.

இது கற்பனை அல்ல. நம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் செய்து காட்டியது!

புதுச்சேரிப் பெண்

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஓமந்தூர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அந்தப் புதுச்சேரியைச் சேர்ந்தவர் ரூபா. இந்தியக் கடற்படையில் லெப்டினன்ட் கமாண்டர். அவருடைய துணை, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா.

இந்த இரண்டு பெண்களும் 2024 அக்டோபர் 2ந் தேதி கோவாவில் இருந்து புறப்பட்டார்கள். படகின் பெயர் "தாரிணி". நீளம் 56 அடி. காற்றுதான் அதன் பலம். பாயை விரித்து, காற்றைப் பிடித்து, இரண்டே பேர் அந்தப் படகை ஓட்டினார்கள்.

முதலில் ஆஸ்திரேலியா. பிறகு நியூசிலாந்து. அங்கிருந்து பசிபிக் மகா சமுத்திரத்தைக் கடந்து, தென் அமெரிக்காவின் கீழ்க்கோடியில் உள்ள ஹார்ன் முனை. அடுத்து பாக்லாந்துத் தீவு. பிறகு ஆப்பிரிக்காவின் கேப் டவுன். 2025 மே 29ந் தேதி மீண்டும் கோவா! ஏறக்குறைய 8 மாதம். 25 ஆயிரம் கடல் மைலுக்கும் மேல்.

(ஒரு கடல் மைல் என்பது 1.85 கிலோ மீட்டர். நம் சாலை மைலைவிடக் கொஞ்சம் நீளம்.)

இன்னொரு சங்கதியையும் கேளுங்கள். 2024 நவம்பர் 30ந் தேதி இரவை விழுப்புரம் மாவட்டத்தார் மறக்க முடியாது. அன்றுதான் "பெஞ்சல்" புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கினோம். அந்த நேரத்தில் ரூபா எங்கே இருந்தார்? ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையில், பெரும் அலைகளின் நடுவே, பாய்ப் படகில் இருந்தார்!

"அவர் கடலிலேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கும்" என்று நினைப்பீர்கள். இல்லை. ரூபாவின் தந்தை விமானப் படையில் பணியாற்றியவர். தில்னாவின் தந்தை தரைப் படையில் பணியாற்றியவர். இருவருமே கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்கள் அல்ல.

பின் எப்படி முடிந்தது? படிப்படியாக ஏறினார்கள். அதுதான் ரகசியம்.

அவர்கள் ஏறிய படிகள்

முதலில் அவர்கள் தனியாகப் போகவில்லை. பெரிய குழுவில் ஒருவராகப் போனார்கள். 2022ல் கோவாவில் இருந்து கேப் டவுன் வழியாக பிரேசில் நாட்டின் ரியோ நகருக்குப் போய், 2023ல் திரும்பினார்கள். கூட அனுபவசாலிகள் இருந்தார்கள். இது கயிறு கட்டிக்கொண்டு நீந்தியது போல.

அடுத்து, இரண்டே பேராக அந்தமானில் உள்ள போர்ட் பிளேருக்குப் போய் வந்தார்கள். இது கயிற்றை அவிழ்த்த கட்டம். ஆனால் பக்கத்துத் தண்ணீர்.

அதற்கும் அடுத்து, 2024 தொடக்கத்தில், இரண்டே பேராக மொரீசியஸ் தீவுக்குப் போய் வந்தார்கள். தூரம் கூடியது.

அதன் பிறகுதான் உலகம்!

உலகைச் சுற்றப் புறப்படும் முன்பே அவர்கள் பழகிய தூரம் 38 ஆயிரம் கடல் மைல். சுற்றிய தூரத்தைவிடப் பழகிய தூரம் ஜாஸ்தி! இதைப் பிள்ளைகள் நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஊர் கைதட்டுவது கடைசிப் படியைப் பார்த்து. அதற்கு முன் ஏறிய படிகளை யாரும் பார்ப்பதில்லை.

அவர்களுக்கு வழிகாட்டியவர் அபிலாஷ் டோமி. 2012-13ல் எங்கும் நிற்காமல், தன்னந்தனியாகப் பாய்ப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். 2018ல் மறுபடி போனபோது புயலில் படகின் பாய்மரம் ஒடிந்தது. முதுகு எலும்பு அடிபட்டது. அசைய முடியாமல் கிடந்த அவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் காப்பாற்றியது. அதோடு விட்டாரா? இல்லை. மீண்டும் நடக்கப் பழகி, மீண்டும் படகில் ஏறி, 2023ல் அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார்!

எவ்வளவு கற்றாலும் கடலில் அபாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கற்றவனுக்கே இந்த அபாயம் என்றால், கற்காதவன் கதி என்ன?

ஐந்து படிகள்

கடலோட்டப் பயிற்சிக்குப் பல நாடுகளில் ஒழுங்கான படிகள் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் உள்ள முறையைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்து வகுப்புகள் போல அது 5 படியாக இருக்கிறது.

முதல் படி: படகில் வேலை செய்யும் ஆள். இது 5 நாள் படிப்பு. கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும். பாயை ஏற்றி இறக்க வேண்டும். சுக்கானைப் பிடிக்க வேண்டும். மிதவைச் சட்டை போடாமல் நிற்கக் கூடாது. ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு ஆள் விழுந்தவரையே பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை எடுக்கவே கூடாது. அலைக்கு நடுவே ஒரு தலை கண்ணில் இருந்து மறைந்தால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். இதெல்லாம் முதல் படியிலேயே வந்துவிடும்.

எதிர்க் காற்றில் போவதும் இங்கேதான் ஆரம்பம். பாய்ப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. அப்படியானால் எப்படிப் போவது? மலைப் பாதையில் பஸ் எப்படி ஏறுகிறது? வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏறுகிறது அல்லவா? படகும் அப்படியே. கொஞ்ச தூரம் வலப்பக்கம் சாய்ந்து போகும். திரும்பி, கொஞ்ச தூரம் இடப்பக்கம் போகும். இப்படியே எதிர்க் காற்றிலும் ஊர் போய்ச் சேரும்.

"படகு கவிழாதா?" என்று கேட்பீர்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைத் தள்ளிப் பாருங்கள். சாயும், மறுபடி எழுந்து நிற்கும். காரணம், அடியில் கனம். நெடும் பயணத்துக்குப் போகும் பாய்ப் படகிலும் அடிப்பாகத்தில் ஈயமோ இரும்போ வைத்துக் கனமாக்கி இருப்பார்கள்.

இரண்டாம் படி: பகலில் படகுக்குத் தலைவன். பழகிய கரையோரத்தில், பகல் வெளிச்சத்தில், தானே முடிவு எடுத்து ஓட்ட வேண்டும். கடல் வரைபடம் படிக்க வேண்டும். எங்கே ஆழம், எங்கே பாறை, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். இந்தப் படியின் பயிற்சிக்கு வரும்முன் 5 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும். 100 மைல் ஓடியிருக்க வேண்டும்.

மூன்றாம் படி: கரையோரத் தலைவன். இப்போது இரவும் வருகிறது. பரீட்சைக்கு வரும்முன் 30 நாள் கடல் அனுபவம், 800 மைல், 12 மணி நேரம் இரவு ஓட்டம் வேண்டும். இரவில் எதிரே வருவது கப்பலா, எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? விளக்கு சொல்லும். பொதுவாகப் படகுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு. வலது பக்கம் பச்சை. பின்னால் வெள்ளை. எதிரே சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால், அது நேரே நம்மைப் பார்த்து வருகிறது என்று அர்த்தம். உடனே விலக வேண்டும்!

நான்காம் படி: கரை மறையும் தூரத்துக்குப் போகும் தலைவன். 50 நாள், 2,500 மைல். 60 மைலுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் ஐந்து. அவற்றில் சில, இரவைத் தாண்டியதாக இருக்க வேண்டும். பரீட்சை காகிதத்தில் அல்ல. பரீட்சகர் படகிலேயே ஏறி வருவார். "இப்போது உன் ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டார். காப்பாற்று பார்க்கலாம்" என்பார். செய்து காட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: சமுத்திரத் தலைவன். கரையே தொடாமல் 4 நாளாவது ஓடியிருக்க வேண்டும். 600 மைலாவது கடந்திருக்க வேண்டும். சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்.

காசு கொடுத்தால் படி தாண்ட முடியாது. சிபாரிசும் செல்லாது. "எத்தனை நாள் கடலில் இருந்தாய்? எத்தனை மைல் ஓடினாய்? எத்தனை இரவு விழித்தாய்?" இவைதான் கேள்வி. ஏழைக்கும் பணக்காரனுக்கும் கடல் வைக்கும் பரீட்சை ஒன்றே!

கைமுட்டியும் நட்சத்திரமும்

"இப்போது செல்போனே இடத்தைச் சொல்கிறதே, நட்சத்திரம் எதற்கு?" என்று கேட்கலாம். செல்போனுக்குச் சார்ஜ் தீரும். உப்புத் தண்ணீர் பட்டால் கெடும். நட்சத்திரம் கெடாது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியிலும் இந்தப் பாடத்தை ஒரு காலத்தில் கைவிட்டார்கள். 2015ல் மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு சின்னப் பாடத்தை உங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். மேகம் இல்லாத இரவில் வடக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் தெரியும். கையை நேராக நீட்டி, முட்டியை மடக்கி, அடி வானத்தின் மேல் வையுங்கள். ஒரு முட்டியின் உயரம் ஏறக்குறைய 10 பாகை. ஓமந்தூரில் துருவ நட்சத்திரம் ஒரு முட்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஏறக்குறைய 12 பாகை. ஓமந்தூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. நட்சத்திரத்தின் உயரம்தான் ஊரின் இடம்!

டெல்லிக்குப் போனால் அது கிட்டத்தட்ட மூன்று முட்டி உயரத்தில் இருக்கும். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போனால் தெரியவே தெரியாது. ரூபாவும் தில்னாவும் போன பாதையில் பெரும்பகுதி அந்தத் தெற்குப் பக்கம்தான்.

இது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. சோழமண்டலக் கரையின் பழைய மாலுமிகள் ஒரு சிறு பலகையில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி, நட்சத்திரத்தின் உயரத்தை அளந்தார்கள். "மாலுமி" என்ற சொல்லே அரபு மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. கடலோட்டி என்றால் கற்றவன், கற்பிப்பவன் என்று அந்தக் காலத்திலேயே நினைத்திருக்கிறார்கள்.

நமக்கும் கடலுக்கும் என்ன உறவு?

இன்று நம் உறவு என்ன? மாசி மகத்தன்று மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். நாமும் போகிறோம். கும்பிடுகிறோம். கால் நனைக்கிறோம். சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். மறு வருஷம்தான் மறுபடியும் கடல்!

பிள்ளை கொஞ்சம் ஆழத்துக்குப் போனால், "தண்ணீர்ப் பக்கம் போகாதே!" என்று தாய் அலறுகிறாள். தாய் பயப்படுவதில் தவறு இல்லை. ஆனால் பயம் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. நீச்சல் தெரியாத பிள்ளைதான் ஏரியில், கிணற்றில், கடலில் அகப்பட்டுக்கொள்கிறது. பயந்த பிள்ளையைவிடப் பழகிய பிள்ளைக்கே பாதுகாப்பு அதிகம்.

"நாங்கள் உழவர்கள். எங்களுக்குக் கடல் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டம் இருக்கிறது. அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. அங்கே ஒரு விவசாயியின் மகள் நேகா தாக்கூர். போபால் நகரத்து ஏரியில் அரசு நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பாய்ப் படகு பழகினார். 2023ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்! அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணன் நம் வேலூரைச் சேர்ந்தவர். வேலூரிலும் கடல் இல்லை!

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். 2021ல் டோக்கியோ, 2024ல் பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவர் இந்த விளையாட்டைத் தொட்டது எங்கே? சிறுமியாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறை முகாமில்!

ஆகவே முதல் படிக்குக் கடலே வேண்டாம். ஓர் ஏரி போதும். ஒரு கோடை விடுமுறை போதும்.

என்ன செய்ய வேண்டும்?

இது பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 1911ல் தொடங்கிய படகுச் சங்கம் இருக்கிறது. நல்ல சங்கம்தான். ஆனால் ஓமந்தூர்ப் பிள்ளை அங்கே எப்படிப் போகும்?

ஏழைப் பிள்ளைக்கு இன்று திறந்திருக்கும் கதவு என்.சி.சி. கடற்படைப் பிரிவு. புதுச்சேரியில் அது இருக்கிறது. அதன் மாணவ மாணவியர் பாய்ப் படகிலேயே காரைக்கால் வரை போய் வந்திருக்கிறார்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ அந்தப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். இருந்தால் சேர்த்து விடுங்கள். பெண்ணாக இருந்தாலும் சேர்த்து விடுங்கள்.

பள்ளிக்கூடங்கள் நீச்சலைப் பாடமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுதான் படிகளுக்கெல்லாம் அடிப்படி.

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் வீடூர் அணை இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே நாலு சிறு பாய்ப் படகுகளை விடுங்கள். சிறுவர் பழகுவதற்கென்றே ஒற்றைப் பாய் உள்ள "ஆப்டிமிஸ்ட்" என்ற படகு இருக்கிறது. ஏழரை அடி நீளம்தான். போபாலில் முடிந்தது விழுப்புரத்தில் முடியாதா? முதல் படியை அங்கே வையுங்கள். இரண்டாம் படியை மரக்காணத்தில் வையுங்கள். வாத்தியாரைத் தேடி வெளியூர் போக வேண்டாம். வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் எப்போது திரும்பும் என்று மூக்கால் மோந்தே சொல்லும் பெரியவர்கள் நம் மீனவக் குப்பங்களில் இருக்கிறார்கள். பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓயும் முன் அவர்களை ஆசிரியர்கள் ஆக்குங்கள். சம்பளம் கொடுங்கள். மரியாதையும் கொடுங்கள்.

மீனவப் பிள்ளைகளுக்கும் இதனால் லாபம் உண்டு. அவர்கள் அப்பாவிடம் கற்ற வித்தைக்கு இன்று சான்றிதழ் இல்லை. வரைபடமும் விளக்கு விதியும் சேர்த்துப் படித்தால், கடற்படை, கடலோரக் காவல் படை, வணிகக் கப்பல் என்று உத்தியோகத்துக்கு வழி பிறக்கும். நடுக்கடலில் எஞ்சின் நின்றாலும் பாயை விரித்துக் கரை சேரத் தெரியும்.

ஓமந்தூருக்கு இந்தப் பேச்சு புதிது அல்ல. அந்த ஊர் உழவர் ராமசாமி ரெட்டியார் 1947ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அந்தக் காலத்தில் முதல் மந்திரியை அப்படித்தான் அழைத்தார்கள். கிராமத்தில் பிறந்தவன் கோட்டைக்குப் போக முடியும் என்று அந்த ஊர் காட்டியது. கிராமத்தில் பிறந்தவள் சமுத்திரத்துக்கும் போக முடியும் என்று நாளை காட்டட்டும்.

கிணற்றில் குதிக்கும் பையனுக்கு மாமன் கயிறு பிடிக்கிறான். அந்த மாமனுக்குத் தெரியும், என்றைக்குக் கயிற்றை இறுக்க வேண்டும், என்றைக்கு அவிழ்க்க வேண்டும் என்று. பெற்றவர்களும் பள்ளிக்கூடமும் அரசாங்கமும் அந்த மாமனைப் போல் இருந்தால் போதும்.

ஏறத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிகளைக் கட்டிக் கொடுங்கள்!